தலவிலைக்குப் போகும் பற்றரிகள்

கொட்டாஞ்சேனையில் ஒருவர் தலவில அன்னம்மா கோவிலுக்குப் போகப்போகிறார் என்று தெரிந்துவிட்டால் போதும், அவரைக் கையை வீசிக்கொண்டு போக விடமாட்டார்கள். மேல்வீட்டுக்காரர் ஒரு கட்டு மெழுகுவர்த்தி கொண்டுவருவார். பக்கத்து வீட்டிலிருந்து, பிள்ளைக்குக் காது குத்தியபோது நேர்ந்துகொண்ட வெள்ளிக் காது ஒன்று வரும். வேண்டாமென்று சொல்ல ஏலாது. அது அன்னம்மாவுக்குப் போகிற சாமான், இடையில் நின்று மறிக்க நீ யார் என்று கேட்டுவிடுவார்கள். ஆனால் பற்றரியைக் கொண்டுவந்து கொடுத்தது இந்த வருஷம்தான். அதுவும் இரண்டு ஆள் பிடித்துத் தூக்க வேண்டிய பற்றரி.

முதலில் கொண்டுவந்தவள் கீழே கடை வைத்திருக்கும் வெள்ளையம்மா. அவள் வேதக்காரியும் இல்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி கொளுத்துகிறவள். “நாந்தான் கடைய விட்டுட்டு வர முடியாது, என் பேட்டரியாவது அன்னம்மாகிட்ட போயிட்டு வரட்டுமேக்கா” என்றாள். இந்த வருஷம் போகப்போகிறவள் பேர்ணடெற். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும், இருமினால் மூச்சு போகும், மூச்சு போனால் புருஷன் மெல்ரோயின் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது. அதனால் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

கொரோனா வந்துபோன வருஷம் அவளுடைய நெஞ்சைப் பாதி தின்றுவிட்டுப் போயிருந்தது. வேறு யாருக்கோ வெறும் தடிமன் இருமலோடு போனது இவளுக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். பகலில் சமாளிப்பாள். பூசைக்குப் போவதென்றால் சின்னச் சிலிண்டர் ஒன்றைக் கூடக் கொண்டுபோவாள். இரவில் அது ஆகாது. இரவு முழுக்கக் கட்டிலருகே ஒக்சிஜன் மெஷின் ஓடவேண்டும், அதிலிருந்து வரும் குழாய் அவள் மூக்கில் இருக்கவேண்டும். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். ஆகவே கரண்ட் உள்ள இடத்தில்தான் பேர்ணடெற் நித்திரை கொள்ளலாம். அந்த இடம் இரண்டாம் மாடியில், குளியலறைக்குப் பக்கத்து அறை.

தலவிலைக்கு அவள் தாயின் வயிற்றில் இருந்தபோதே போய்விட்டாளாம். அதன் பிறகு, இந்த மெஷின் வரும்வரை, ஓகஸ்ட் திருநாளுக்கு ஒரு வருஷம் தவறியதில்லை. கோவிலுக்குப் பின்னால் மணலில் குடிசை போட்டு, மண்ணெண்ணெய் அடுப்பில் கருவாட்டுக் குழம்பு வைத்து, பாயை விரித்துப் படுத்தால் கடல் காலடியில் கிடந்து மூச்சு விடும். பாயில் மணல், தலையில் மணல், சோற்றில் மணல். யார் வீட்டுப் பிள்ளை யார் பாயில் கிடக்கிறது என்று விடிந்த பிறகுதான் பார்ப்பார்கள். மெல்ரோயை முதலில் கண்டதும் அங்கே, தண்ணீர் வாளி வரிசையில். இதை அவள் அதிகம் சொல்வதில்லை, அவருக்குத் தலைக்கனம் வந்துவிடும்.

இப்போது ஓகஸ்ட் வந்தால் வீட்டுக்கு முன்னால் உள்ள சின்ன ஒழுங்கையில் தலவிலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வான்கள் பாட்டோடு புறப்படும். பேர்ணடெற் ஜன்னலைச் சாத்திவிடுவாள். அது பொறாமைதான், வேறென்ன. ஒரே ஒரு ராத்திரி அந்தக் கடற்காற்றில் படுத்து எழும்பினால் போதுமென்று இருக்கும். நினைத்து நினைத்து நெஞ்சு வலிக்கும், அது எந்த வலி என்று டொக்டரிடம் சொல்லவும் முடியாது.

மெல்ரோய் கல்பிட்டிப் பக்கம் ஏசி போட்ட அறை ஒன்று எடுக்கலாம் என்றார். அங்கே கரண்ட் இருக்கிறது, பகலில் கோவிலுக்குப் போய்விட்டு வரலாம். அறைக்குள் படுப்பதற்குக் கொட்டாஞ்சேனை போதும் என்று பேர்ணடெற் சொல்லிவிட்டாள்.

வழி கண்டுபிடித்தது அவளுடைய தம்பி பேதுரு. மட்டக்குளியில் ஸ்கூல் வான் ஓட்டுகிறவன். பின்பக்க இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் ஒன்று அடித்தால் அக்காவை மெஷினோடு கொண்டுபோய்க் கடற்கரையிலேயே நிறுத்திவிடலாம், வெள்ளைக்காரர் இப்படித்தானே வானுக்குள் சமைத்துப் படுத்து நாடு சுற்றுகிறார்கள் என்றான். கட்டிலுக்குக் கீழே பற்றரிகளை அடுக்கினால் கரண்ட் பிரச்சினையும் தீர்ந்தது. அத்தான் அதைப் பார்த்துக்கொள்வார்.

அத்தான் பார்த்துக்கொள்ளாமல் வேறு யார் பார்ப்பது? மெல்ரோய் துறைமுகத்தில் முப்பது வருஷம் குளிர்ப் பெட்டிகளுக்குக் கரண்ட் கொடுத்தவர். மீனும் அப்பிளும் ஏற்றிவந்த கொள்கலன் ஒன்றுகூட அவருடைய கையில் சூடாகிப் பழுதானதில்லை என்று இன்றைக்கும் சொல்லுவார்கள். வீட்டில் ஒரு பல்ப் எரியாவிட்டால் பல்ப் செய்தவனின் பரம்பரையையே அரைநாள் திட்டுகிற மனுஷன்.

பற்றரிக்கும் பஞ்சமில்லை. நாடு இருண்டு கிடந்த அந்தக் கரண்ட் வெட்டுக் காலத்தில், ஒழுங்கையில் இருந்தவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரே லொறியில் ஒரே மாதிரிப் பற்றரிகளை இறக்கினார்கள். இப்போது அவை மூலைகளில் துணி போர்த்திக் கிடந்தன. வெள்ளையம்மா தொடங்கிவைக்க, மேல்மாடித் தில்லைநாதன் மாஸ்ரர் தன்னுடையதையும் தந்தார். பேதுருவிடம் அதே லொறியில் வந்த ஒன்று, இவர்களிடம் ஒன்று. ஆக நாலு. பழசையும் புதுசையும் கலந்து கட்டினால் பழசு மற்றதையும் இழுத்து விழுத்திவிடும், இதுகள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், பயமில்லை என்று பேதுருவுக்கு மெல்ரோயே சொன்னார்.

வயரிங் வேலை ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒழுங்கையிலேயே நடந்தது. பேர்ணடெற் பிளாஸ்ரிக் கதிரையில் சிலிண்டரோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் வேலை இருந்தது. மெல்ரோய்க்குக் கிட்டப் பார்வை மங்கிவிட்டது, வோல்ட் அளக்கிற மீற்றரில் ஓடுகிற சின்ன இலக்கங்கள் தெரியாது. அவர் இரண்டு ஊசிகளையும் பற்றரியில் வைத்து “வாசி” என்பார். அவள் வாசிப்பாள். நாலும் பன்ரெண்டு பொயின்ற் ஏழு காட்டின. நிறைந்த வயிறு.

சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு என்று அவர் தடித்த வயர்களால் நாலையும் வரிசையாகப் பிணைத்தார். ஒவ்வொரு பற்றரியின் ஈயக் குமிழிலும் பித்தளைக் கிளிப் ஒன்று கவ்விப் பிடிக்க, அதிலிருந்து அடுத்ததற்கு வயர் போனது. நாலு பற்றரி சேர்ந்தால் நாலு மடங்கு வேகமா என்று வெள்ளையம்மா கடை வாசலில் நின்று கேட்டாள். மெல்ரோய் நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னார். “இப்பிடிக் கட்டினா வேகம் கூடாது. ஆயுசுதான் கூடும்.” முனையில் இன்வேர்ட்டர். பற்றரியின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றிக் கொடுக்கிற பெட்டி அது, பற்றரி பத்தரை வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் தானாகவே நின்றுவிடும்.

எல்லாம் முடிந்து ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே அவர் ஒரு நிபந்தனை போட்டார். அங்கே போய் அந்தரப்பட ஏலாது, முதலில் இங்கே ஓட்டிப் பார்க்கவேண்டும். வெள்ளிக்கிழமை காலை கோவில் மணி அடிக்கிறதிலிருந்து பள்ளிக்கூடம் விடுகிறவரை ஒரு ராத்திரி அளவு ஆகும். அதுவரை மெஷின் நிற்காமல் ஓடினால் தலவில. இடையில் நின்றால் இந்தக் கதையை இனி எடுக்கக்கூடாது. பேர்ணடெற் சம்மதித்தாள். அவர் வயர் பிடித்த வேலையில் அவளுக்கு என்ன சந்தேகம்?

வெள்ளிக்கிழமை மணி அடித்தபோது அவள் வானுக்குள் படுத்திருந்தாள். பக்கக் கதவு திறந்திருந்தது, மெஷின் காலடியில் சீராக உறுமிக்கொண்டிருந்தது. ஸ்கூல் வானுக்குள் கட்டில் போட்டுக் கிடக்கிற பெண்ணைப் பாராமல் போவதற்குக் கொட்டாஞ்சேனை ஆட்களுக்கு என்ன, கண் இல்லையா? பாண்காரன் பார்த்தான். பூசை முடிந்து வந்த கன்னியாஸ்திரி பார்த்துச் சிலுவை போட்டார். தில்லைநாதன் மாஸ்ரர் பேப்பரைக் கொண்டுவந்து கதவடியில் நின்று தலையங்கம் வாசித்துக் காட்டினார். எல்லோரும் போன பிறகு பேர்ணடெற் கண்ணை மூடினாள். ஒழுங்கையில் கடல் ஏது? ஆனாலும் காற்று ஒன்று வந்து காலைத் தொட்டது. பாயில் மணல் கிடப்பதுபோல் கையால் தடவிப் பார்த்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக, போகத்தான் போகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னாள்.

வெள்ளையம்மா மத்தியானச் சோற்றுக்கு அரிசி களையும் நேரம்கூட ஆகியிருக்காது, மெஷின் கீச்சென்று கத்திவிட்டு நின்றது.

மெல்ரோய் பாய்ந்து வந்தார். சிலிண்டர் எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை, அது கட்டில் தலைமாட்டிலேயே நின்றது. திருப்பிவிட்டுக் குழாயை மாற்றினார். அவளுடைய விரலில் சின்னக் கருவியை மாட்டி ஒக்சிஜன் அளவைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “முடிஞ்சுது, பேர்ணி” என்றார். ஆள் கூட்டிவந்து கதிரையில் வைத்து மேலே தூக்கலாம், அப்படியே பேதுருவுக்கும் ஃபோன் எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பேர்ணடெற் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அழுகை வந்தது. அழுது முடிக்க முதலே ஒன்று உறுத்தியது. அவர் திட்டவில்லை. பல்ப் செய்தவனைத் திட்டுகிற மனுஷன், இவ்வளவு வேலை பாழாய்ப்போயும் பற்றரிக்காரனை ஒரு வார்த்தை திட்டவில்லை. பலகையைத் தூக்கி ஒரு வயரை ஆட்டிப் பார்க்கவுமில்லை. முப்பது வருஷக் கை அது. நின்ற மெஷினைத் தொடாமல் போகுமா?

அவள் எழுந்து கட்டிலின் பலகை மூடியைத் தூக்கினாள். மீற்றரும் ஸ்பானரும் பக்கத்திலேயே கிடந்தன. முதல் பற்றரியில் ஊசியை வைத்தாள். பத்தரைக்குச் சற்று மேலே, களைத்துப்போன பற்றரி. இரண்டாவதின் கிளிப்பில் வைத்தாள், அதே அளவு. கை தவறி ஊசி கிளிப்பிலிருந்து உள்ளே இருந்த ஈயக் குமிழில் பட்டது. பன்ரெண்டு பொயின்ற் ஏழு.

கண்ணைக் கசக்கிவிட்டுத் திரும்ப வைத்தாள். கிளிப்பில் பசி, குமிழில் நிறைந்த வயிறு. மூன்றாவதும் அப்படித்தான். நடுவில் இருந்த இரண்டும் காலையிலிருந்து ஒரு துளி வேலை செய்யாமல் சும்மா இருந்திருக்கின்றன. குனிந்து பார்த்தாள். கிளிப்புக்கும் குமிழுக்கும் நடுவே ஏதோ பளபளத்தது.

ஒக்சிஜன் பக்கத்தில் பொறி பறந்தால் ஆளுமில்லை வானுமில்லை என்று மெல்ரோய் சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பாடம். சிலிண்டரைப் பூட்டினாள். மூக்கிலிருந்து குழாயைக் கழற்றித் தூரப் போட்டாள். முன்கதவையும் தள்ளித் திறந்து, காற்று ஒருமுறை வானைக் கழுவிவிட்டுப் போகும்வரை இருந்தாள். ஸ்பானரால் கிளிப்பை நெகிழ்த்தி இழுத்தபோது கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. குமிழைச் சுற்றிப் பொலித்தீன் ஒன்று நாலாய் மடித்து, கரண்ட் கிளிப்புக்கு ஏறாதபடி இறுக்கிச் சுற்றப்பட்டிருந்தது. அதில் நீல எழுத்து. அவளுடைய மூக்குக் குழாய் மாதாமாதம் வருகிற பைக்கற் அது. அதன் மேல் நீல எழுத்தை அவளைவிட யார் அதிகம் பார்த்திருப்பார்கள்?

இரண்டையும் உருவி எடுத்தாள். கிளிப்பைத் திரும்ப வைத்தபோது படீரென்று ஒரு பொறி தெறித்தது. அவள் கிளிப்பை விடவில்லை. கழற்றியது போலவே இறுக்கினாள். மற்றதையும் இறுக்கினாள். மூச்சு போதாமல் கட்டிலில் சரிந்து விழுந்துகொண்டே இன்வேர்ட்டர் சுவிட்சைத் தட்டினாள். மெஷின் கீச்சென்றது, பிறகு உறுமத் தொடங்கியது. குழாயை எடுத்து மெஷினில் பொருத்தி மூக்கில் வைத்து, எத்தனை தடவை மூச்சை இழுத்தாளோ, அன்னம்மாவுக்குத்தான் தெரியும்.

மெல்ரோய் கடையடியிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வானடிக்கு வரும்போதே சத்தம் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். பேர்ணடெற் வந்தவர்களைப் பார்த்து, மெஷின் சும்மா முரண்டு பிடித்தது, இப்போது சரி, பள்ளிக்கூடம் விட்ட பிறகு வாருங்கள் என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தாள். அவர்கள் போனதும் கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் நீல எழுத்துப் பொலித்தீன் இரண்டு துண்டு.

அவர் வானின் படியில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

கத்தவேண்டும் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டு கிடந்தாள். ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தவேண்டும். ஆனால் கோபப்படுவதற்கும் காற்று வேண்டுமே. அந்தத் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரம் பிசிறாமல் கத்தரித்து, அளவாக மடித்து, ஆட்களின் பற்றரிக்கு ஒரு கீறலும் விழாமல் சுற்றியிருந்தார். செய்த துரோகத்தையும் ஒழுங்காகச் செய்திருக்கிறானே இந்த மனுஷன் என்று நினைப்பு வந்தது. அவருடைய முதுகு மிகவும் கூனிப்போயிருப்பதையும் அப்போதுதான் கண்டாள்.

“ஏன்?” என்று மட்டும் கேட்டாள்.



“கரண்ட் இல்லாம இருந்த காலத்தில, அண்டைக்கு மெஷின் நிண்ட ராத்திரி, நீ நீலமாப் போனாய்” என்றார். “உதடு, நகம் எல்லாம். சிலிண்டரும் முடிஞ்சு. கீழ கொண்டு வந்தா ஓட்டோவில பெற்றோல் இல்ல. உன்ன அதுக்குள்ள வச்சு ஆமர் வீதி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனம், நானும் வெள்ளையம்மாட மனுஷனும். நீ ஒண்டும் காணேல்ல பேர்ணி. நான்தான் கண்டனான்.”

அவளுக்கு அந்த இரவில் ஒன்றுமே நினைவில்லை. படுத்தது நினைவு, ஆஸ்பத்திரியில் கண் திறந்தது நினைவு. இடையில் ஒரு வீதி முழுக்க அவர் ஓட்டோ தள்ளிய கதையை இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லவில்லை. தலவில மணலில், பெற்றோல் செட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெகுதூரத்தில், இருட்டில் மெஷின் நின்றால் எதைத் தள்ளுவது என்று இந்த மனுஷன் எத்தனை நாள் யோசித்திருப்பார்! போகவேண்டாம் என்று அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு வரவில்லை. பற்றரியைக்கொண்டு சொல்லுவித்திருக்கிறார்.

பேர்ணடெற் கையை நீட்டி அவருடைய தோளைத் தொட்டாள். “என்ன உயிரோட வச்சிருக்கிறது நீங்கதான். இல்லையெண்டு நான் சொல்லேல்ல” என்றாள். நிறுத்தி மூச்செடுத்தாள். “ஆனா எனக்கு ஆசையா இருக்கு மெல்ரோய். அந்த அறைக்குள்ள கிடந்து கிடந்து, எனக்கு அந்தக் கடல் அவ்வளவு ஆசையா இருக்கு.”

அவர் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அவள் பொலித்தீன் துண்டுகளை அவருடைய மடியில் வைத்தாள்.

“திரும்பப் போட வேணுமெண்டா போடுங்க. நான் ஒண்டும் சொல்ல மாட்டன். ஆனா நான் பாத்துக்கொண்டிருக்க, எனக்கு முன்னால போடுங்க.”

ஒழுங்கையில் ஒரு மீன்காரன் கூவிக்கொண்டு போனான். வெள்ளையம்மாவின் கடையில் யாரோ மிச்சக் காசுக்குச் சிங்களத்தில் சண்டை பிடித்தார்கள். மெல்ரோய் துண்டுகளை எடுத்துப் பார்த்தார். பிறகு அவற்றைச் சேர்ட் பொக்கற்றுக்குள் வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வானுக்குள் ஏறினார். குனிந்து அவள் இறுக்கிய கிளிப்புகளை விரலால் ஆட்டிப் பார்த்தார். ஆடியது. “இப்பிடியா இறுக்கிறது” என்று முணுமுணுத்தார். ஸ்பானரை வாங்கி, நடுவில் இருந்த இரண்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார்.

“நான் அங்க நித்திரை கொள்ள மாட்டன், சொல்லிப்போட்டன்” என்றார், தலையைத் தூக்காமலே.

“இங்க எந்த நாள் நித்திரை கொண்டனீங்க?”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கிடந்த அத்தனை இரவிலும், சுவரோடு சாய்ந்து மெஷினின் சத்தத்தை எண்ணிக்கொண்டு இருந்த தன்னை அவள் கண்டுகொண்டுதான் கிடந்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் பக்கத்தில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பள்ளிக்கூட மணி அடித்தது. வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் ஒழுங்கை நிறைய ஓடிவந்து வானுக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மெல்ரோய் இரண்டு ஊசிகளையும் எடுத்துப் பற்றரியில் வைத்தார். மீற்றரை அவளிடம் நீட்டினார்.

“வாசி.”

கண்ணில் தண்ணீர் நின்றதால் அவளுக்கும் முதலில் இலக்கம் தெரியவில்லை. துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

“பதினொண்டு பொயின்ற் ஒம்பது.”

“காணும், ஒரு ராத்திரிக்குப் போதும்” என்றார் மெல்ரோய்.